டிரைவராக இருந்தார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கதை இல்லைங்க. நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. பாதி வாணி சொன்னது, பாதி அவளுடைய அம்மா போனில் சொன்னது. ஒரே ஒரு இடத்தில்தான் நான் வருகிறேன், அதுவும் ஒரு வார்த்தை அளவுக்கு. அதனால் எங்கேயாவது "அப்படியாம்", "இப்படியாம்" என்று வந்தால் அது எனக்கு நேராகத் தெரியாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததை மட்டும் தெரியும் என்று சொல்வது எனக்குப் பழக்கம்.

உங்கள் பேப்பரைத் திருத்தித் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. கோயம்புத்தூர் போக இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் "அக்கா, நீங்களும் இன்டர்வியூக்கா? இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டினீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். மை ஃபாதர் வாஸ் எ வீவர். உங்கள் அப்பா இருக்கிறாரா?

இருக்கிறாரா. சரி. அப்படியானால் கேளுங்கள்.

வாணியின் முழுப் பெயர் கோகிலவாணி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் நாங்கள் ஒரே ஹாஸ்டல் அறை. அவளுடைய ஊர் சங்ககிரி, சற்று முன்னால் தாண்டினோமே, அதுதான். அப்பா அர்த்தநாரி, லாரி டிரைவர். அம்மா பாவாயி, நூல் மில்லில் வேலை. என் அப்பா சாயப்பட்டறையில் இருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்கு முன்னால் பட்டம் என்றால் ஆடி மாதம் மாடியில் நின்று விடுகிற பட்டம்தான். அதனால் எங்களுக்குப் பயம் அதிகம். ஒரு படிவத்தில் தப்பாக டிக் அடித்தால்கூட இரண்டு நாள் தூக்கம் வராது.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒருவரை வெளியிலிருந்து கூட்டி வந்தார்கள். வேலைக்குத் தயார் செய்கிற பயிற்சி, மூன்று நாள். அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது, நாங்கள் கதை சார் என்றுதான் கூப்பிட்டோம். வந்ததும் கேட்டார்:

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு. மார்க் ஷீட்டைப் பார்த்து எவனாவது அழுதிருக்கானா?"

"நான் அழுதிருக்கேன் சார், அக்கவுண்டன்சியில" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து சபரிநாதன்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "உன் மார்க்கைப் பார்த்து நீதான் அழுவே. உன் கதையைக் கேட்டு அவங்க அழணும். அதான் வேலை" என்றார். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் மூன்று கட்டம். விழுந்தேன், எழுந்தேன், கற்றேன். முதல் கட்டம் மற்ற இரண்டையும்விடப் பெரியது.

நாங்கள் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "ஏய், எங்கூட்டு ஓடு விழுந்துச்சு, எழுதலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓடு விழுந்தா பத்தாது, அது யார் மேலயாவது விழுந்துச்சா?" என்று இன்னொருத்தி. அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"சார், எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. என்ன எழுதறது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு ஏதோ நோய் இருப்பதாகச் சொல்கிற டாக்டர் மாதிரி. "நல்லா யோசிச்சுப் பாரும்மா. ஏதாவது இருக்கும்" என்றார்.

என் வீட்டில் ஏதாவது கெட்டது நடந்திருக்கிறதா என்று நான் உட்கார்ந்து யோசித்த முதல் நாள் அது.

வாணிக்கு நிஜமாகவே ஒன்று இருந்தது. அவளுடைய அப்பா இருபத்தாறு வருடம் வடநாட்டு லைன் ஓட்டியவர். சர்க்கரையில் கண் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. ஒரு மார்கழி மாதம் நாக்பூர் தாண்டி, விடிந்து எட்டு மணிக்கும் பனிமூட்டம். அவருக்கு அது பனியா தன் கண்ணா என்று தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, நான்கு பக்கமும் விளக்கை மினுக்கவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் வந்து, மற்ற வண்டிகளெல்லாம் போன பிறகும் அவருக்குப் பனி விலகவில்லை. அதோடு வண்டியை விட்டு இறங்கிவிட்டார். டிரைவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வேலையை விட்டுவிட்டால் வண்டியை விட்டு இறங்கியாச்சு என்று.

வாணி அதை இங்கிலீஷில் எழுதினாள். மை ஃபாதர் இஸ் எ லாரி டிரைவர் என்று ஆரம்பித்திருந்தாள். அறையில் அன்றைக்கு நான்தான் படித்துப் பார்த்தேன். எங்கள் அறையில் இங்கிலீஷ் என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

"இப்ப உங்கப்பா ஓட்டறாரா?" என்று கேட்டேன்.

"இல்லியே, ரெண்டு வருசமாச்சு."

"அப்புறம் எப்படி இஸ் போடுவே? பொய்யாயிடும். வாஸ் போடு."

அவள் இஸ்ஸை அடித்துவிட்டு வாஸ் என்று எழுதினாள். நான் வருகிற இடம் இதுதான். இலக்கணம் சரி. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இலக்கணம் சரி.

அடுத்த மாதம் ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். முதல் நாள் எழுத்துத் தேர்வு. எனக்கு அதிலேயே போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. பதினான்கு பேரை மறுநாள் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வாணியும் ஒருத்தி.

உள்ளே மூன்று பேராம். நடுவில் ஒரு மேடம். உன்னைப் பற்றிச் சொல் என்றதும் வாணி மனப்பாடம் செய்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். மை ஃபாதர் வாஸ் எ லாரி டிரைவர். பனிமூட்டம். ரோடு தெரியவில்லை. தட் வாஸ் ஹிஸ் லாஸ்ட் ட்ரிப். அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐ அம் ஸோ ஸாரி" என்றாராம். கண்ணுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து வாணி "தேங்க் யூ மேடம்" என்றிருக்கிறாள். அம்மா எப்படிச் சமாளித்தார் என்று கேட்டார்களாம். அம்மா மில்லுக்குப் போனார் என்று சொன்னாளாம். அதுவும் உண்மைதான். மேடம் கைக்குட்டையை எடுத்துவிட்டாராம்.

வாணிக்கு ஒன்றும் புரியவில்லை. கதை சார் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் நினைத்தாளாம்.

பத்து நாள் கழித்து அந்த மேடமே போன் செய்திருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது, கோயம்புத்தூரிலேயே. வாழ்த்துச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை தமிழில், "உங்கப்பா மேல இருந்து பார்த்துட்டுத்தான் இருப்பாரும்மா" என்றாராம். அர்த்தநாரி அப்போது நிஜமாகவே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். "ஆமாங்க மேடம், மேலதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டாள் இவள். மேடத்துக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட யோசித்தாளாம். போனை வைத்து ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்திருக்கிறது. மாடியிலிருந்து அப்பா, "யாரு அம்மிணி போன்ல?" என்று கேட்டாராம்.

உடனே என்னைக் கூப்பிட்டாள். அழுகை. நான் அவளை நிதானப்படுத்தினேன்.

"நீ என்ன பொய் சொன்னே? ஒவ்வொரு வாக்கியமா சொல்லு."

சொன்னாள். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. "அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நீ என்ன பண்ணுவே? கேட்டா சொல்லிடு" என்றேன்.

"கேப்பாங்களா?"

"செத்தவங்களைப் பத்தி யாரு மறுபடியும் கேக்கப் போறா?"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தப் பதினான்கு பேருக்கும் வேலை கிடைத்தது. கதை சார் தன் படத்தோடு கல்லூரி வாசலில் பேனர் வைத்தார், நூற்றுக்கு நூறு என்று. வாணியின் முகம் அதில் முதல் வரிசையில் இருந்தது.

கேட்கமாட்டார்கள் என்று நினைத்தோம். கேட்கவில்லைதான். படம் எடுக்க வந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் வருடாவருடம் விழா நடக்குமாம். வேலை செய்கிறவர்களில் ஒருவருடைய வாழ்க்கையைச் சின்னப் படமாக எடுத்துப் போடுவார்களாம். சேர்ந்து ஏழு மாதத்தில் வாணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மேடம்தான் சொன்னாராம், இவளுடைய கதையை நான் மறக்கவே இல்லை என்று. வீட்டிலேயே எடுக்கவேண்டும், அம்மா இருக்கவேண்டும், அப்பாவின் போட்டோ ஒன்று வேண்டும்.

வாணி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. அம்மாவிடம் சொன்னாள். பாவாயி அம்மா முதலில் கேட்டது இதுதானாம்:

"உங்கொய்யன் உசுரோட இருக்கறப்ப நான் வெறும் நெத்தியோட நிக்கோணுமா?"

"ஒரு மணி நேரம்மா. தாலியைக் கழட்ட வேண்டாம், சேலைக்குள்ள விட்டுக்க. பொட்டு மட்டும்தான். அவங்க போனதும் வெச்சுக்கலாம்."

"இல்லீன்னா வேல போயிருமா?"

போகுமா என்று வாணிக்குத் தெரியாது. ஆனால் "போயிரும்" என்றிருக்கிறாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

"செரி" என்றாராம் அம்மா.

போட்டோவுக்குச் சங்ககிரி ஸ்டுடியோவுக்குப் போக முடியாது. அந்த ஆள் தினமும் அர்த்தநாரியோடு டீ குடிக்கிறவர். அதனால் ஈரோடு போனாள். பத்து வருடத்துக்கு முன்பு லைசென்சுக்கு எடுத்த படம், நல்ல மீசையோடு. அதைப் பெரிதாக்கச் சொன்னாள். ஸ்டுடியோக்காரர் கேட்காமலேயே பின்னால் நீல வானம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்துவிட்டார். அவருக்கு அது வழக்கம்.

"தேதி சொல்லுங்க தங்கச்சி, கீழ போட்டுடலாம்" என்றாராம்.

"தேதி அப்புறம் சொல்றேன்ணா."

அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகு, தான் என்ன சொன்னோம் என்று உறைத்து என்னைக் கூப்பிட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுவாக்கில் வருவதுதானே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. அன்றைக்கு எடப்பாடியில் அத்தை வீட்டில் ஒரு சீர். அப்பாவை மட்டும் காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம்தான் வருவார் என்று கணக்கு. ஆனால் பந்தி முடிந்ததும் சங்ககிரி வருகிற லாரி ஒன்று கிடைத்திருக்கிறது. டிரைவருக்கு வண்டி கிடைக்காத ஊர் உண்டா? இரண்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டார்.

வாசலில் வேன். தெரு முழுக்க ஆட்கள். எல்லோருக்கும் அவரைத் தெரியும். இங்கேதான் பாருங்கள். அந்தத் தெருவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையாம். வாணியின் வேலைக்காக என்று காலையிலேயே பாவாயி அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் நடந்து வர, வழிவிட்டு நின்றார்களாம். எதிர்வீட்டுக்காரர் கும்பிடப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டாராம்.

வாசற்படியில் கேமராக்காரர் தடுத்தார். "ஐயா, ஷாட் போயிட்டிருக்கு. கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

நின்றார். நிலைப்படி வழியாக உள்ளே தெரிந்தது. சுவரில் அவருடைய படம், சம்பங்கி மாலை, கீழே விளக்கு. பக்கத்தில் நாற்காலியில் பாவாயி அம்மா, வெறும் நெற்றியோடு. முகத்துக்கு நேரே வெள்ளை வெளிச்சம். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவிட்டது.

ஷாட் முடிந்ததும் கூடவே வந்திருந்த மேடம்தான் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

வாணி டீ டம்ளர் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தான் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் என்னிடம் சொல்கிறாள். சொல்லவில்லை.

"பக்கத்து ஊடுங்க" என்றார் அவர்.

"படத்துல இருக்கறவரு பழக்கமா?"

"பழக்கமுங்க. ரொம்ப நாள் பழக்கம்."

"ஜாடைகூட லேசா இருக்கே?"

"ஒரே ஊருங்க. அப்படித்தான் இருக்கும்."

மேடத்துக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஊர்க்காரர் ஒருவர் பேசினால் படத்துக்கு நன்றாக இருக்கும். "அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?" என்றார். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் போய் நின்றார். படத்துக்குப் பக்கத்தில்.

"வண்டி ஓட்டுனா நெதானமா ஓட்டுவானுங்க. இருபத்தாறு வருசத்துல ஒரு நாய் மேல ஏத்துனதில்ல. புள்ள மேல உசுரு. அவ்வளவுதானுங்க."

"எப்படிப் போனாரு, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வாணியைப் பார்த்தாராம். "நான் ஊர்ல இல்லீங்க. இப்பத்தான் வந்தேன். வந்து பார்த்துத்தான் எனக்கே தெரியும்" என்றார். அந்த வரியைப் படத்தில் வெட்டிவிட்டார்கள். முந்தைய வரிகள் இருக்கின்றன. நானே பார்த்தேன், நன்றாகப் பேசுகிறார்.

வேன் போன பிறகு வாணி அவர் காலில் விழுந்து அழுதிருக்கிறாள். அவர் திட்டவே இல்லையாம். "அட உடு அம்மிணி. ஒரு மாலைதானே. எலக்சன்ல நின்னாக்கூடத்தான் போடறாங்க" என்றாராம். பாவாயி அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து சாப்பிடக் கூப்பிட்டால், "எனக்குப் படைச்சாச்சா?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி அம்மா என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

வாணி படத்தைக் கழற்றப் போனாள். அவர் விடவில்லை. "இருக்கட்டும். மறுக்கா வந்து கேட்டா?" என்றார். வாணி கோயம்புத்தூர் போய்விட்டாள். இரண்டு நாள் அவர் அந்தப் படத்துக்கு எதிரேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தாராம். வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாராம். போஸ்ட்மேன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக்கூட வரவில்லையாம். பாவாயி அம்மாதான் போய் வாங்கியிருக்கிறார்.

புதன்கிழமை விடிந்ததும் குப்பண்ணன் என்கிற பழைய சிநேகிதர் ஹைதராபாத் தாண்டி வடக்கே லோடு ஏற்றிப் போனார். மாற்று டிரைவர் இல்லை. "பேச்சுத்துணைக்கு வரட்டுமா?" என்று இவராகவே கேட்டு ஏறியிருக்கிறார். அம்மா தடுத்ததற்கு, "ஓட்டவா போறேன்? செத்தவனுக்கு லைசென்ஸ் எவன் குடுப்பான்?" என்றாராம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை குப்பண்ணன் போன் செய்தார். ஆதிலாபாத் பக்கம் ஒரு தாபாவில் நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண் அசந்தாராம். எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. சீட்டில் மஞ்சள் பை மட்டும். உள்ளே சர்க்கரை மாத்திரை, ஒரு வேட்டி.

பாவாயி அம்மா அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். வாணி நாலைந்து நாள் பொறுக்கச் சொன்னாள். ஏனென்றால் அடுத்த புதன்கிழமை விழா. போலீஸில் எழுதிக் கொடுத்தால் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அது எப்படியாவது கம்பெனிக்குப் போய்விட்டால்? என்னிடமும் கேட்டாள். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன், புகார் எழுத்தில்தான் கொடுக்கவேண்டும் என்று. இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை. அது அவளுடைய குடும்ப விஷயம்.

விழாவில் படம் ஓடியது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டே ஊருக்கு வந்து வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனாள்.

எழுத்தர் ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். தொழில் என்ன? லாரி டிரைவரா இருந்தாருங்க. "இருந்தாரா, இருக்காரா? சரியாச் சொல்லும்மா" என்றாராம் அவர். வாணி அம்மா பக்கம் திரும்பினாளாம். அம்மாதான், "இருக்காருங்க சாமி, இருக்காரு" என்றிருக்கிறார். அப்போது பக்கத்து மேசையிலிருந்த ஒரு பெண் காவலர் வாணியையே உற்றுப் பார்த்திருக்கிறார். "நீங்க அந்த வீடியோல வர்ற பொண்ணுதானே? எங்க வாட்ஸ்அப் குரூப்புல வந்துச்சு. நேத்துத்தான் பார்த்து அழுதேன். உங்கப்பாதான் எறந்துட்டாரே?"

புகாரை வாங்கிக்கொண்டார்கள். வாங்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிறகு கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தனவாம். இன்ஷூரன்ஸ் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா, வீட்டில் சண்டையா, ஏன் ஐந்து நாள் கழித்து வருகிறீர்கள். போட்டோ கேட்டார்கள். வாணியின் போனில் அப்பா தனியாக இருக்கிற படம் வேறு இல்லை. ஈரோட்டு ஸ்டுடியோக்காரர் அனுப்பியதுதான் இருந்தது. காணவில்லை என்கிற நோட்டீஸில் இப்போது அதுதான் இருக்கிறது. நீல வானம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தேதி. காணாமல் போன தேதிதான். ஆனால் பார்க்கிறவர்கள் அப்படி நினைப்பார்களா? குப்பண்ணன் அதை ஆதிலாபாத்தில் நாலைந்து தாபாவில் ஒட்டினார். அங்கிருப்பவர்களுக்குத் தமிழும் தெரியாது, படிக்கவும் மாட்டார்கள். ஒரு தாபாக்காரர் அதற்கு ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தாராம்.

இன்றோடு முப்பத்து நாலு நாள். வாணி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எழுந்து படிக்கட்டுப் பக்கம் ஓடுகிறாளாம். அப்பாவின் நினைவு வந்துவிட்டது போல என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் தண்ணீர் கொடுக்கிறார்களாம். பாவாயி அம்மா தினமும் காலையில் குங்குமச் செப்பைத் திறக்கிறார், கை அங்கேயே நின்றுவிடுகிறது என்கிறார். "நான் தொடச்சதுதானே கண்ணு மொதல்ல?" என்று என்னிடம் கேட்கிறார்.

எனக்குச் சொந்தமாகக் கதை இல்லை என்றேன் அல்லவா? போன மாதம் ஒரு நேர்காணலில், நேர்மைக்குச் சோதனை வந்த சம்பவம் ஒன்று சொல்லுங்கள் என்றார்கள். நான் இதைச் சொன்னேன். தோழி என்று மட்டும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. எனக்கு நேராகத் தெரியாது, கேட்டதுதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர்கள் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு இரண்டாம் சுற்றுக்குப் போகிறேன். அந்தக் கட்டத்தை எப்படியும் நிரப்பித்தானே ஆகவேண்டும். இன்றைக்கு இன்னும் மேலே இருக்கிறவர்கள் வருவார்களாம், திருப்பிக் கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். உங்களிடம் சொன்னது எனக்கும் ஒரு ஒத்திகை மாதிரி ஆயிற்று. கோர்வையாக வந்ததா? போஸ்ட்மேனை விட்டுவிடலாமா?

உங்கள் அப்பா தறி ஓட்டுவதை விட்டுவிட்டாரா? மூட்டு வலியா? அப்படியானால் வாஸ் சரிதான், நான் கை வைக்கவில்லை. எட்டாவது வரியில் ஒரு எஸ் விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன். பெருந்துறை வந்துவிட்டது பாருங்கள், பேப்பரைப் பைக்குள் வையுங்கள், கசங்கிவிடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை வாணியிடம் நான் சொல்லவில்லை. யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறக் கூடாது என்று போன வாரம் கல்லூரிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தேதிகளைச் சரிபார்த்தேன். அங்கிருக்கிற அக்கா கம்பெனியிலிருந்து வந்த மெயிலைத் திறந்து காட்டினார். எடுக்கப்பட்டவர்கள் பட்டியல் அது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே பதினான்கு பேரையும் எடுத்துவிட்டார்கள். நேர்காணலுக்கு மதிப்பெண் கிடையாது, யாருக்குக் கோயம்புத்தூர், யாருக்கு ஹைதராபாத் என்று பார்ப்பதற்குத்தான் அது. பட்டியலில் கோகிலவாணி அர்த்தநாரி இரண்டாவது பெயர். மெயில் வந்தது நேர்காணல் நடந்த அன்றைக்கே, காலை பதினொன்று நாற்பதுக்கு. வாணி அந்த அறைக்குள் போனது மத்தியானம் இரண்டரைக்கு.